அரை மாரத்தானில் 2 மணி நேர பேசர்: ஒரே வேகத்தில் ஓடினால் போதாதா?

கேள்விக்குறி | நவம்பர் 18, காலை 6:40

ஜனவரியில் நடக்கும் சென்னை ஓட்டத்துக்கு 2:00 பஸ்ஸை எடுக்கச் சொல்லி, அதாவது 2 மணி நேரத்துக்குள் முடிக்க நினைக்கிற கூட்டத்துக்கு (அதுதான் பஸ்) கொடியோட ஓடி வேகம் காட்டற பேசரா வரச் சொல்லி, எங்க குழுவில் கேட்டிருக்காங்க. என் அரை மாரத்தான் நேரம் 1:46. 7200 விநாடியை 21.1-ஆல் வகுத்தா கிலோமீட்டருக்கு 5:41 வருது. வாட்சில் 5:41 வச்சு, முதுகில் கொடியைக் கட்டிக்கிட்டு ஓடினா முடிஞ்சது. இதுக்கு எதுக்கு பேசர்களுக்குத் தனியா பயிற்சி ஓட்டம், கூட்டம், வாட்ஸ்அப் குழு எல்லாம்? ஏதாவது விட்டுட்டேனா?

உப்புக்கல் | நவம்பர் 18, காலை 7:55

வாட்சில் 5:41 வைத்து ஓடினால் 2:01:20-க்குத்தான் முடிப்பீர்கள். உங்களை நம்பி ஓடிய அத்தனை பேரும் 2 மணி நேரத்தைக் கோட்டைவிட்டிருப்பார்கள்.

காரணம், வாட்ச் சொல்லும் தூரமும் தடத்தின் தூரமும் ஒன்றல்ல. தடம் 21.0975 கி.மீ. முடிவுக்கோட்டில் வாட்ச் 21.3, 21.4 என்று காட்டும். 21.35 என்று வைத்துக்கொள்ளுங்கள். கிலோமீட்டருக்கு 341 விநாடி வீதம் பெருக்கிப் பாருங்கள், 7280 விநாடி.

இரண்டாவது, 2:00 பேசர் 2:00:00-க்கு வந்தால் தோல்வி. கொடியின் அர்த்தம் "2 மணி நேரத்துக்குள்" என்பது. இலக்கை 1:59:30 பக்கத்தில் வைக்க வேண்டும். 1:58-க்கு வந்தாலும் தோல்விதான், அதைப் பிறகு எழுதுகிறேன்.

தடத்தில் நட்டிருக்கும் கிலோமீட்டர் பலகைகளைப் பார்த்து, பலகைக்குப் பலகை 5:40 என்று வைத்தால்:
5 கி.மீ.: 28:20
10 கி.மீ.: 56:40
15 கி.மீ.: 1:25:00
20 கி.மீ.: 1:53:20
முடிவு: 1:59:33

இதே ஓட்டத்தில் வாட்சின் சராசரி 5:36 என்று காட்டும். 5:40-க்கும் 5:36-க்கும் இருக்கும் இந்த 4 விநாடியைத் தெரியாமல் கொடி தூக்கக் கூடாது.

அளவுகோல் | நவம்பர் 18, காலை 9:10

அந்த 250 மீட்டர் எங்கிருந்து வருதுன்னு சொல்லிடறேன். முறையா அளந்த தடத்தை, அளவு சரிபார்த்த சைக்கிளில் சக்கரச் சுற்றை எண்ணற ஜோன்ஸ் கவுன்ட்டர் மாட்டி, வளைவுகளில் ஓரக்கல்லில் இருந்து 30 செ.மீ. தள்ளி, ஓடக்கூடிய மிகக் குறுகிய கோட்டில் அளப்பாங்க. தடம் குறைஞ்சிடக் கூடாதுன்னு ஆயிரத்துக்கு ஒண்ணு கூட்டுவாங்க, அரை மாரத்தானுக்கு 21 மீட்டர். மீதியெல்லாம் நாம வளைஞ்சு நெளிஞ்சு ஓடறது, தண்ணிக்கு ஓரம் போறது, அப்புறம் ஜிபிஎஸ் தள்ளாட்டம். பறக்கும் ரயில் பாலத்தை ஒட்டி ஓடற இடங்களில் வாட்ச் நம்மைப் பக்கத்துத் தெருவுக்கே கூட்டிட்டுப் போயிடும்.

அதனால ஆட்டோ லேப்பை, அதாவது வாட்ச் தன் கணக்கில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தானா நேரம் குறிக்கறதை, அணைச்சிடுங்க. பலகையைக் கடக்கும்போது கையால் லேப் அழுத்துங்க. ஆட்டோ பாஸையும் அணைக்கணும். தண்ணி குடிக்க நடந்தா வாட்ச் தானா நின்னுடும், உங்களுக்கு நேரம் மிச்சம் இருக்கற மாதிரி பொய் சொல்லும்.

கேள்விக்குறி | நவம்பர் 18, இரவு 9:30

பலகையையே தப்பா நட்டிருந்தா?

உப்புக்கல் | நவம்பர் 18, இரவு 10:05

நடப்பதுதான். ஏழாவது கிலோமீட்டர் 5:20, எட்டாவது 6:00 என்று வரும். ஏழில் "வேகமாகப் போகிறோம்" என்று பிரேக் போட்டு, எட்டில் "தாமதமாகிவிட்டது" என்று பாய்ந்தால் பஸ் காலி. இரண்டையும் கூட்டினால் 11:20, இரண்டு 5:40. ஏழாம் பலகையை 60 மீட்டர் முன்னால் நட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். ஒற்றை லேப்பைப் பார்த்து எதையும் மாற்றாதீர்கள், மொத்த நேரத்தைப் பாருங்கள். அடுத்தடுத்து மூன்று பலகை ஒரே பக்கம் சாய்ந்தால்தான் சாய்வு உண்மை.

வாட்ச் திரையில் மூன்று எண் போதும்: மொத்த நேரம், லேப் நேரம், லேப் சராசரி வேகம். "இப்போதைய வேகம்" என்ற எண்ணைத் திரையில் இருந்தே தூக்கிவிடுங்கள். 5:10, 6:05 என்று துள்ளிக்கொண்டே இருக்கும். அதைத் துரத்தும் பேசருக்குப் பின்னால் ஓடுவது பிரேக் சரியில்லாத டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போவது மாதிரி.

மின்னல் | நவம்பர் 19, காலை 6:15

எதுக்கு இவ்ளோ தலைவலி. முதல் 10 கி.மீ.ல வெயில் இல்ல, கால் புதுசா இருக்கும். 2 நிமிஷம் சேமிச்சு வச்சுக்கங்க. கடைசியில் எல்லாரும் தளரும்போது அதை எடுத்துச் செலவு பண்ணலாம். பல பேசருங்க இப்படித்தான் ஓடுறாங்க, எல்லாரும் 1:59-ல்தான் வர்றாங்க.

உப்புக்கல் | நவம்பர் 19, காலை 7:20

பேசர் வருவார். பஸ்ஸில் ஏறியவர்கள் எத்தனை பேர் வந்தார்கள் என்று பார்த்தீர்களா?

10 கிலோமீட்டரில் 2 நிமிடம் என்றால் கிலோமீட்டருக்கு 12 விநாடி. 5:40-க்குப் பதில் 5:28. அது 1:55 அரை மாரத்தானின் வேகம். பஸ்ஸில் இருப்பவர்கள் உடம்பை முழுதாகச் செலவழித்தால் 1:59 ஓடக்கூடியவர்கள். அவர்களை 10 கி.மீ. வரை 1:55 வேகத்தில் இழுத்தால், கடும் உழைப்பில் ரத்தத்தில் சேரும் லாக்டேட் தாங்கக்கூடிய எல்லையைத் தாண்டி ஏறும், உடம்பு சேமித்து வைத்த சர்க்கரையான கிளைக்கோஜன் விரைவாகக் கரையும். 14-ஆவது கிலோமீட்டரில் கிலோமீட்டருக்கு 30, 40 விநாடி என்று திருப்பிக் கட்டுவார்கள். இது சேமிப்பு இல்லை, கந்து வட்டி.

உங்களுக்கு வலிக்காது. 1:46 ஓடுபவருக்கு 5:28 காலை நடை மாதிரிதான். பேசருக்கு எளிதாக இருப்பதாலேயே அவருக்குத் தவறு தெரியாது. பேசரின் வேலை இழுப்பது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். தேர்த்திருவிழாவில் வடம் பிடிக்கிறவர் ஆயிரம் பேர். சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்தான் பேசர். முதல் 8 கிலோமீட்டரில் அவர் வேலை முழுக்க முழுக்கத் தடுப்பதுதான்.

ஒரு பேசரின் தரத்தை முடிவு நேரத்தை வைத்து மதிப்பிடாதீர்கள். எண் அட்டையில் இருக்கும் சிப் பதிவு செய்யும் முடிவுப் பட்டியலில் 5, 10, 15 கி.மீ. நேரங்களைப் பாருங்கள். 26:50, 54:00, 1:23:00, 1:59:40 என்று இருந்தால் அவர் பஸ்ஸை மரத்தில் மோதிவிட்டுத் தனியாக இறங்கி வந்தவர்.

மின்னல் | நவம்பர் 19, காலை 7:31

சரி சரி, வட்டிக்கடையை மூடிட்டேன்.

கேள்விக்குறி | நவம்பர் 19, மதியம் 1:15

முதல் கிலோமீட்டர் கூட்டத்தில் மாட்டி 5:55 ஆயிடுச்சுன்னா?

உப்புக்கல் | நவம்பர் 19, மதியம் 2:00

15 விநாடி கடன். கிலோமீட்டருக்கு 3 விநாடி வீதம் அடுத்த 5 கிலோமீட்டரில் அடையுங்கள். இரண்டாவது கிலோமீட்டரிலேயே 5:25 ஓடி மீட்பதுதான் புதுப் பேசர்கள் செய்யும் முதல் தவறு. கூட்டத்தில் இடம் வலம் வெட்டி முந்தவும் வேண்டாம். நீங்கள் ஒரு சந்தில் நுழைந்தால் பின்னால் 30 பேர் அதே சந்தில் நுழைவார்கள்.

உப்புக்கல் | நவம்பர் 20, காலை 6:05

நேற்று முன்தினம் எழுதியதில் ஒரு ஓட்டை. தண்ணீர் நிறுத்தங்களைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இரண்டு, இரண்டரை கி.மீ.க்கு ஒன்று என்றால் வழியில் 8 வரும். ஒவ்வொன்றிலும் வேகம் குறைவதால் போகும் நேரம் 10 விநாடி என்று வைத்தால் 80 விநாடி. அதைக் கழித்தால் ஓடும் நேரத்துக்குப் பலகைக் கணக்கில் 5:36, வாட்ச் கணக்கில் 5:32. தண்ணீருக்கு வேகம் குறைக்கும் பேசர் 5:36, 5:32 எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். குறைக்காத பேசருக்கு மேலே கொடுத்த 5:40, 5:36 சரி.

எது நல்லது என்பதில் எனக்குச் சாய்வு உண்டு. குறைக்க வேண்டும். பேசர் நிற்காமல் போனால், குடிக்க நின்றவர் பஸ்ஸைப் பிடிக்க அடுத்த 300 மீட்டர் பாய்வார். இப்படி எட்டு முறை பாய்ந்தவருக்கு 17-ஆவது கிலோமீட்டரில் கால் இருக்காது. "பந்தலில் சற்று நடை, கடைசி மேசையைத் தாண்டிச் சேர்வோம்" என்று தொடங்குமுன் சொல்லிவிட்டு அப்படியே செய்யுங்கள். முதல் மேசையில் எல்லோரும் மொய்ப்பார்கள், கடைசி மேசை காலியாக இருக்கும். அதையும் சொல்லுங்கள்.

நடக்குமுன் கையைத் தூக்கி ஓரம் போக வேண்டும். திடீரென்று நின்றால் பின்னால் வருபவர் கொடிக்கம்பில் முகத்தை இடித்துக்கொள்வார்.

மூணுமணிபஸ் | நவம்பர் 20, காலை 8:45

எல்லாரும் 2:00 பத்தியே பேசறீங்க. 3:00 பஸ் வேற ஜாதி வண்டி. அங்கே பெரும்பாலானவங்களுக்கு முழுத்தூரமும் ஓட முடியாது. அதனால அமெரிக்கப் பயிற்சியாளர் ஜெஃப் கேலோவே பரப்பின ஓட்டம்-நடை முறைதான் சரிப்படும். 4 நிமிஷம் ஓட்டம், 1 நிமிஷம் நடை. மணிக்கு ஐந்தரை கி.மீ. வேகத்தில் சுறுசுறுப்பா நடந்தா, ஓடற நாலு நிமிஷத்தில் கிலோமீட்டருக்கு 8:00 பக்கத்தில் இருந்தா 2:59-ல் முடியும்.

முதல் நடை நாலாவது நிமிஷமே வரணும். "இப்பவே எதுக்கு நடக்கணும், தெம்பா இருக்கே"ன்னு கேப்பாங்க. விடாதீங்க. களைச்சப்புறம் நடக்கறது ஓய்வு இல்லை, தண்டனை. வாட்சில் 4/1 இன்டர்வெல் அதிர்வு வச்சுக்கங்க, அஞ்சு விநாடி முன்னாடி குரல் கொடுங்க.

தண்ணிக்குத் தனியா நிக்க வேண்டாம், நடை நிமிஷத்தைப் பந்தல் பக்கமா தள்ளிக்கலாம். முப்பது விநாடி முன்னப்பின்ன ஆனா ஒண்ணும் ஆகாது.

உப்புக்கல் | நவம்பர் 20, காலை 9:20

"பேசர் இலக்கைவிட எவ்வளவு வேகமானவரோ அவ்வளவு நல்லது" என்று எழுதிக்கொண்டிருந்தேன், மூணுமணி எழுதியதைப் பார்த்து அழித்தேன். 2:00-க்கு 1:45 ஆள் பொருத்தம். 15 நிமிட இடைவெளி இருந்தால் முழு வாக்கியம் பேசிக்கொண்டே ஓடலாம், பேச முடியாத பேசரால் பயனில்லை. ஆனால் 1:30 ஓடுபவரை 3:00 பஸ்ஸில் ஏற்றினால் சரிவராது. 8:30 வேகத்தில் அவருடைய நடையே மாறும், தரையில் கால் தங்கும் நேரம் கூடும், இடுப்பும் பின்தொடையும் பிடிக்கும். மூன்று மணி நேரம் காலில் நிற்பது அவருக்குப் பழக்கமும் இல்லை. அந்த பஸ்ஸுக்கு 2:25, 2:30 ஆட்கள்தான் பொருத்தமான ஓட்டுநர்கள்.

மூணுமணிபஸ் | நவம்பர் 20, காலை 9:24

ஆமா. வேகமான தம்பிங்க கொடியோட குதிச்சுக் குதிச்சு நிப்பாங்க, பாவமா இருக்கும்.

அளவுகோல் | நவம்பர் 21, காலை 7:00

தொடக்கக் குழப்பத்தை யாரும் சொல்லல. தொடக்கத் துப்பாக்கி வெடிச்சதில் இருந்து எண்ணற துப்பாக்கி நேரம் வேற, தொடக்கக் கோட்டில் சிப்பைப் படிக்கிற விரிப்பை (மேட்) மிதிச்சதில் இருந்து எண்ணற சிப் நேரம் வேற. பேசர் மேட்டை மிதிக்கிற நொடியில் வாட்சைத் தொடங்கணும், வெடிச்ச நொடியில் இல்ல. பின்னால் இருந்து கிளம்பி பஸ்ஸைப் பிடிச்சவருக்கு லாபம். உங்களுக்கு 40 விநாடி முன்னாடி மேட்டை மிதிச்சவர், பஸ்ஸுக்காகக் காத்திருந்து உங்களோட 1:59:33-க்கு முடிச்சா, அவர் சான்றிதழில் 2:00:13 இருக்கும். அப்புறம் பேசரைத்தான் திட்டுவார். "எனக்கு முன்னாடி கிளம்பினவங்க முடிவுக்கோட்டையும் எனக்கு முன்னாடியே தாண்டிடுங்க"ன்னு தொடக்கத்திலும் 18-லும் சத்தமா சொல்லுங்க.

கேள்விக்குறி | நவம்பர் 21, இரவு 8:50

இது சுத்தமா தோணவே இல்ல. வாட்ச் செத்துட்டா என்ன பண்றது? ஒரு சாதா கேசியோ கட்டிக்கிட்டா போதுமா, எஃப்-91டபிள்யூ இருக்கு.

அளவுகோல் | நவம்பர் 21, இரவு 9:15

இரண்டாவது கடிகாரம் கட்டாயம். ஆனா அந்த மாடலில் ஸ்டாப்வாட்ச் 59:59 வரைக்கும்தான், அப்புறம் பூஜ்யத்தில் இருந்து ஆரம்பிக்கும். 10 கி.மீ.க்கு அப்புறம் காட்டறதோட ஒரு மணி நேரத்தைக் கூட்டிக்கணும். 15-ல் 25:00 காட்டினா சரியா இருக்கீங்கன்னு அர்த்தம். களைப்பில் இது குழப்பும்னா, பத்து மணி நேர ஸ்டாப்வாட்ச் உள்ள வேற மாடல் பாருங்க.

5 கி.மீ. நேரங்களைக் கையில் பேனாவால் எழுதாதீங்க. சென்னையில் நாலாவது கிலோமீட்டரில் வியர்வையோட போயிடும். காகிதத்தில் எழுதி இரண்டு பக்கமும் அகல செல்லோடேப் ஒட்டி மணிக்கட்டில் சுத்திக்கங்க.

உப்புக்கல் | நவம்பர் 23, காலை 6:30

சென்னையைப் பற்றி. ஜனவரி விடியற்காலை 22, 23 டிகிரிதான் இருக்கும், குளிர்ச்சி என்று தோன்றும். ஆனால் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தொடும். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். இங்கே அது சொட்டிக்கொண்டே இருக்கும், ஆவியாகாது. குளிர் ஊரில் 1:58 ஓடியவர் இங்கே 2:00 பஸ்ஸில் தடுமாறுவது சாதாரணம்.

அதற்காக பேசர் வேகத்தைக் குறைக்கலாமா? கூடாது. கொடியில் எழுதியிருப்பது ஒப்பந்தம். ஆனால் 5-ஆவது கிலோமீட்டரில் ஒரு சோதனை வையுங்கள். பக்கத்தில் ஓடுபவரிடம் ஊர், வேலை என்று ஏதாவது கேளுங்கள். முழு வாக்கியத்தில் பதில் வந்தால் சரி. ஒற்றைச் சொல்லாக, மூச்சு வாங்கிக்கொண்டு வந்தால், "பின்னால் 2:10 பஸ் வருகிறது, அதில் ஏறுங்கள், 16-க்கு மேல் தெம்பிருந்தால் அதைவிட்டு முன்னால் போகலாம்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். இதைச் சொல்ல பேசருக்குத் துணிச்சல் வேண்டும். ஐந்தில் இறங்கினால் 2:08-இல் முடிப்பார், பன்னிரண்டில் விழுந்தால் 2:30.

பாலம் வந்தால் வேகத்தை அல்ல, உழைப்பைச் சமமாக வையுங்கள். அடையாறு திரு.வி.க. பாலம் மாதிரி மெல்லிய ஏற்றத்தில் இரண்டு மூன்று விநாடிதான் போகும். அதை இறக்கத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

மின்னல் | நவம்பர் 23, காலை 6:52

எலக்ட்ரால் பாட்டில் தூக்கிட்டு ஓடி எல்லாருக்கும் குடுக்கலாமா?

உப்புக்கல் | நவம்பர் 23, காலை 7:10

வேண்டாம். நீங்கள் பஸ், தண்ணீர் லாரி இல்லை.

உங்களுக்குக் கலக்குவதென்றாலும் அளவு முக்கியம். பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு. அதைக் கால் லிட்டர் பாட்டிலில் முழுதாகக் கொட்டுகிறார்கள், உப்பும் சர்க்கரையும் நான்கு மடங்கு அடர்த்தியாகி வயிற்றைப் புரட்டும். 200 மில்லிக்கான சிறு பாக்கெட் கடையில் கிடைக்கிறது.

இன்னொன்று. "எல்லாப் பந்தலிலும் குடியுங்கள்" என்று பேசர் கத்தக் கூடாது. மெதுவாக, நீண்ட நேரம் ஓடுபவர்கள் அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறையும். 2002 பாஸ்டன் மாரத்தானை முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களுக்கும் 4 மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களுக்கும் அந்த ஆபத்து அதிகம். அது முழு மாரத்தான், ஆனாலும் 3:00 பஸ்ஸுக்கு இது பொருந்தும். தாகத்துக்குக் குடியுங்கள் என்று சொன்னால் போதும்.

மூணுமணிபஸ் | நவம்பர் 23, காலை 10:00

மயங்கி விழுந்தா? கொடியை விட்டுட்டு நிக்கணுமா, ஓடணுமா? கூட்டத்தில் இதை நேரா கேளுங்க, அமைப்பாளரிடம் பதில் இருக்கணும்.

உப்புக்கல் | நவம்பர் 23, காலை 10:40

அதற்குத்தான் ஒரு பஸ்ஸுக்கு இரண்டு பேசர். ஒருவர் முன்னால், ஒருவர் பத்திருபது மீட்டர் பின்னால். பின்னால் இருப்பவர் நிற்பார், முன்னால் இருப்பவர் தொடர்வார். தனியாக இருந்தால், நில்லுங்கள். 2 மணி நேரம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கால் பின்னுவது, நேர்க்கோட்டில் போக முடியாமல் சாய்வது, சம்பந்தமில்லாமல் பேசுவது அல்லது எரிந்து விழுவது: இவை வெப்பத் தாக்கின் அறிகுறிகள். "வியர்வை நின்றுவிடும்" என்று பலர் சொல்வதை நம்பிக் காத்திருக்காதீர்கள். ஓட்டக்காரர்களுக்கு உடம்பு நனைந்திருக்கும்போதே அது வரும். நிழலில் படுக்கவைத்து, கிடைக்கிற தண்ணீரையும் ஐஸையும் உடம்பெங்கும் ஊற்றுங்கள், இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் வண்டியில் ஏற்றுவது. தெளிவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

மின்னல் | நவம்பர் 24, காலை 6:20

தலைப்பை விட்டு விலகறேன். கென்ய மாரத்தான் வீரர் கிப்சோகேவுக்கு முன்னாடி ஓடினவங்களும் பேசர்தானே? அவங்க யாரும் கொடி பிடிக்கலையே :)

உப்புக்கல் | நவம்பர் 24, காலை 7:45

2019 அக்டோபர் 12, வியன்னாவில் முழு மாரத்தான் தூரத்தை 1:59:40-இல் ஓடினார். 41 பேர் குழுக்குழுவாக மாறி மாறி உள்ளே வந்தார்கள். அது உலக சாதனைக் கணக்கில் இல்லாததற்கு அதுவும் ஒரு காரணம். பந்தயத்தில் பங்கேற்காத ஒருவர் நடுவில் புகுந்து வேகம் காட்டினால் விதிப்படி அது உதவி. நமக்கும் இது பொருந்தும். பேசரும் பிப் எனப்படும் எண் அட்டையை மார்பில் குத்திக்கொண்டு தொடக்கக் கோட்டில் இருந்து ஓட வேண்டும். 11-ஆவது கிலோமீட்டரில் செருப்புக் கடைக்கு எதிரே நிற்கும் நண்பர் வந்து சேர்ந்து இழுப்பது பேசிங் அல்ல.

அந்த உலகத்தில் பேசரை "முயல்" என்பார்கள். 25, 30 கி.மீ. வரை ஓடி விலகிவிடுவார். விலகாமல் ஜெயித்த முயல்களும் உண்டு. 1994 லாஸ் ஏஞ்சலஸ் மாரத்தானில் பால் பில்கிங்டன் முயலாக அமர்த்தப்பட்டு, யாரும் பின்னால் வராததால் ஓடி முடித்து ஜெயித்தும்விட்டார். நம் வேலை ஆமை வேலை. "பஸ்" என்ற சொல்கூடத் தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் ஓட்டத்தில் புழங்குவது. அங்கே பேசர்தான் பஸ் டிரைவர்.

காற்றை மறைத்து ஓடுகிறேன் என்று எந்த 2:00 பேசராவது சொன்னால் சிரித்துவிடுங்கள். மணிக்கு பத்தரை கிலோமீட்டரில் எதிர்க்காற்று இல்லாத நாளில் மறைக்க ஒன்றுமில்லை.

கேள்விக்குறி | நவம்பர் 25, இரவு 10:10

வழி முழுக்க என்ன பேசறது? எனக்குக் கத்த வராது.

மூணுமணிபஸ் | நவம்பர் 26, காலை 5:50

கண்டக்டர் மாதிரி தகவல் மட்டும் போதும். ஒவ்வொரு பலகையிலும் மூணு விஷயம்: எத்தனையாவது கிலோமீட்டர், இலக்கைவிட எத்தனை விநாடி முன்னாடி அல்லது பின்னாடி, அடுத்து என்ன வருது. "எட்டு முடிஞ்சது, நாலு விநாடி முன்னாடி இருக்கோம், அரை கிலோமீட்டரில் தண்ணி." அவ்ளோதான். 14-ல் நின்னுக்கிட்டு "இதோ வந்துடுச்சு"ன்னு மட்டும் சொல்லாதீங்க. இன்னும் 7 கி.மீ. இருக்கு, ஓடறவருக்குக் கணக்கு தெரியும். 12-ல் இருந்து 16 வரைக்கும்தான் ஆளுங்க அமைதியாவாங்க, அப்போ நீங்க பேச்சைக் கூட்டணும். 18-க்கு மேல குறைச்சுடலாம்.

உப்புக்கல் | நவம்பர் 26, காலை 6:25

18-க்கு மேல் பஸ்ஸைக் கலைக்க வேண்டும். "தெம்பிருப்பவர்கள் முன்னால் போகலாம்" என்று திறந்துவிடுங்கள். ஆனால் நீங்கள் அதே 5:40. கடைசி ஒரு கிலோமீட்டரில் கூட்டத்தின் கைதட்டலைக் கேட்டு பேசரே பாய்வது பலருக்கு வழக்கம். அப்போது பின்னால் 50 மீட்டரில் கொடியைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு வருபவர், கொடி விலகுவதைப் பார்த்து மனம் விட்டுவிடுவார். அவர் சரியான நேரத்தில்தான் வந்துகொண்டிருந்தார்.

20 விநாடி மிச்சம் இருந்தால், கோட்டுக்கு 50 மீட்டர் முன்னால் ஓரமாக நடந்து பின்னால் வருபவர்களை முன்னே அனுப்பலாம். மேட் மேல் நிற்காதீர்கள்.

கேள்விக்குறி | நவம்பர் 26, மதியம் 12:30

அன்னிக்கு எனக்கே உடம்பு சரியில்லாம போனா? வயிறு, தசைப்பிடிப்பு ஏதாவது?

உப்புக்கல் | நவம்பர் 26, மதியம் 12:55

கொடியைக் கழற்றிவிடுங்கள். முடிந்தால் கூட ஓடும் பேசரிடம் கொடுங்கள், இல்லையென்றால் சுருட்டி இடுப்பில் செருகுங்கள். 30 விநாடிக்கு மேல் பின்தங்கி, மீட்க முடியாது என்று தெரிந்த பிறகும் கொடியோடு ஓடுவதுதான் பேசர் செய்யக்கூடிய பெரிய துரோகம். உங்களுக்குப் பின்னால் வருபவர் கொடியைப் பார்த்து "நேரத்தில் இருக்கிறேன்" என்று நம்பிக்கொண்டிருப்பார். அவமானம் என்று நினைக்க வேண்டாம், அமைப்பாளரிடம் எந்தக் கிலோமீட்டரில் கழற்றினீர்கள் என்று சொல்லிவிட்டால் போதும்.

அளவுகோல் | நவம்பர் 27, காலை 6:45

கொடின்னதும் ஞாபகம் வந்தது. மெரினா பக்கம் கடல் காத்து துணியைப் பாய்மரமா ஆக்கிடும். துணியில் நாலு இடத்தில் அரை வட்டமா வெட்டி விடுங்க, காத்து பூந்து போகும். கம்பைப் பையில் ஒரே இடத்தில் மட்டும் கட்டினா ஊசலாடித் தோளைப் பிறாண்டும், மேலேயும் கீழேயும் ரெண்டு இடத்தில் கட்டணும். பட்டை படற இடத்தில் வாசலின். ஓட்டத்துக்கு ரெண்டு வாரம் முன்னாடி கொடியோட ஒரு 16 கி.மீ. இலக்கு வேகத்தில் ஓடிப் பாருங்க. தெருநாய்ங்க துரத்தும், அதையும் பழகிக்கலாம்.

கேள்விக்குறி | நவம்பர் 27, இரவு 9:05

கம்பு எவ்ளோ உயரம்? தலைக்கு மேல மூணு அடி வச்சா தூரத்தில் இருந்தே தெரியும்னு நினைச்சேன்.

அளவுகோல் | நவம்பர் 27, இரவு 9:12

தலைக்கு மேல ஒன்றரை அடி போதும். மூணு அடி வச்சா மரக்கிளையில் மாட்டும், முடிவு வளைவில் பேனரையும் சேர்த்து இழுத்துட்டுப் போவீங்க. பிவிசி குழாய் எடுங்க, மூங்கில் வேண்டாம், உடைஞ்சா சிலாம்பு குத்தும்.